காந்த நாடாவிலிருந்து கணிப்பொறிக்கு



நம் இல்லங்களில் பரண் மீதோ அலமாரியின் மேல்தட்டிலோ தேடிப் பார்த்தால், கறுப்பு நிறத்தில், சிறு செங்கல்லைப் போன்ற வடிவில் ஒன்றிரண்டு வீடியோ கேசட்டுகள் கிடைக்கக்கூடும். அவற்றின் முதுகில் 'திருமணம் 1988' என்றோ, 'பாப்பா பிறந்த நாள்' என்றோ, 'பள்ளி ஆண்டு விழா' என்றோ எழுதி ஒட்டியிருப்பார்கள். நம் பெற்றோரின் இளமைக் கோலமும், இன்று நம்மிடையே இல்லாத தாத்தா பாட்டியரின் நடையும் குரலும் அவற்றினுள் அடங்கிக் கிடக்கின்றன. புகைப்படம் முகத்தைக் காட்டும். ஆனால் பந்தியில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் வை" என்று பாட்டி சொல்லும் அந்தக் குரலை எந்தப் புகைப்படமும் தராது.

இத்தகைய செல்வம் நாளுக்கு நாள் நம் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துகொண்டே வருகிறது. அதைக் காப்பாற்ற உதவுவது, அனலாக் காட்சியை டிஜிட்டல் காட்சியாக மாற்றும் ஒரு சிறிய கருவி. வீட்டுக் கணிப்பொறியுடன் அதை இணைத்து எவ்வாறு பயன்படுத்துவது என்பதையும், அதனுள் நிகழ்வது என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நாடாவின் வரலாறு

காட்சியைக் காந்த நாடாவில் பதியும் முதல் பயனுள்ள கருவியை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டது. அது தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே ஏற்ற பெரிய இயந்திரம். வீடுகளுக்கென ஜப்பானின் சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமாக்ஸ் கேசட்டையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். கேசட்டையும் கொண்டுவந்தன. இவ்விரண்டின் போட்டியில் வி.எச்.எஸ். வென்றது.

நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன்பின் மெல்ல மெல்ல வீடியோ கருவிகள் பரவின. கல்யாண மண்டபங்களில் ஒருவர் தோளில் கேமராவைச் சுமக்க, மற்றொருவர் கண் கூசும் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, விருந்தினர் அனைவரும் சாப்பாட்டுக் கையுடன் விழித்துப் பார்க்கும் காட்சியை அக்காலத்து நாடாக்கள் எல்லாவற்றிலும் காணலாம்!

கேசட்டினுள் இருப்பது 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட பிளாஸ்டிக் நாடா. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. நம் நாட்டு முறையில் இந்த நாடா வினாடிக்கு 2.34 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. காட்சியைப் பதிய இந்த வேகம் சிறிதும் போதாது. ஆகவே, படிக்கும் முனைகளை ஓர் உருளையில் பொருத்தி, அந்த உருளையை வினாடிக்கு 25 முறை சுழல வைத்தார்கள். நாடா உருளையைச் சாய்வாகச் சுற்றிச் செல்லும். அதனால் காட்சி, நாடாவின் குறுக்கே சாய்ந்த கோடுகளாகப் பதிகிறது. இந்தக் கோடுகள் தலைமுடியைவிட மெல்லியவை. நாடாவின் ஓரத்தில் சிறு மடிப்பு விழுந்தாலும் படம் ஏன் ஆடுகிறது என்பது இப்போது விளங்கும்.

நாடாவுக்கு வந்த ஆபத்து

நாடாவுக்குப் பகைவர் மூவர். முதலாவது, ஈரம். துகள்களைப் பிடித்திருக்கும் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் நாடாச் சுருளின் மேல் வெள்ளை நிறத்தில் பூஞ்சையும் படர்கிறது. இரண்டாவது, தேய்மானம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் முனைகள் நாடாவை உரசிச் செல்கின்றன. மூன்றாவது, மறதி. நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் இல்லாவிட்டால் என்ன பயன்? ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் வி.எச்.எஸ். இயந்திரத் தயாரிப்பை நிறுத்தியது. அதன்பின் பழைய இயந்திரங்களைப் பழுது பார்த்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டியுள்ளது.

இந்த ஆபத்து நம் வீட்டுப் பரணுக்கு மட்டும் உரியதன்று. 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் தகவல் திட்டமும், ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து 'காந்த நாடா எச்சரிக்கை' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கின. ஓட்டும் இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் அருகி வருவதால், 2025ஆம் ஆண்டை ஒட்டி நாடாக்களை வழக்கம்போல் ஓட்டிப் படிப்பது இயலாமற் போகும் என்று அது எச்சரித்தது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. எனினும் ஓடும் இயந்திரங்கள் இன்னும் ஆங்காங்கே இருக்கின்றன. வெள்ளம் வருமுன் அணை போட நமக்கு இன்னும் சிறிது நேரம் இருக்கிறது, அவ்வளவே.

அனலாக் என்பதும் டிஜிட்டல் என்பதும்

மருத்துவமனையில் காய்ச்சலுடன் ஒரு நோயாளி படுத்திருக்கிறார். அவருடைய உடல் வெப்பம் இடைவிடாமல் ஏறியும் இறங்கியும் வருகிறது.  இவ்வாறு தொடர்ச்சியாக மாறும் அளவே அனலாக் எனப்படும். செவிலியர் மணிக்கொரு முறை வந்து பார்த்து, 101, 102, 101.4 என்று அட்டையில் எழுதுகிறார். இவ்வாறு குறித்த நேரங்களில் எடுத்து எண்களாக எழுதுவதே டிஜிட்டல் எனப்படும்.

இதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை பார்ப்பது? எவ்வளவு நுட்பமாக எழுதுவது? ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டுமே பார்த்தால் நடுவில் ஏறி இறங்கிய காய்ச்சல் அட்டையில் வராது. பாதிப் பாகையை விட்டு முழு எண்ணாக மட்டும் எழுதினால் சிறு மாற்றம் தெரியாது. காட்சியை எண்ணாக மாற்றுவதிலும் இதே இரண்டு கேள்விகள்தாம்.

எண்களாக மாற்றுவதால் என்ன நன்மை? ஒரு வீட்டு வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து அடுத்த வீட்டிலும், அதைப் பார்த்து அதற்கடுத்த வீட்டிலும் போட்டால், பத்தாவது வீட்டில் அந்தக் கோலம் வேறு கோலமாகியிருக்கும். ஒரு நாடாவிலிருந்து மற்றொரு நாடாவுக்குப் பிரதி எடுப்பது இத்தகையதே. ஒவ்வொரு பிரதியிலும் நிறம் வெளுக்கும்; இரைச்சல் கூடும். ஆனால் '4,7,2,9' என்ற எண்ணை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் நூறாவது வீட்டிலும் அது '4,7,2,9' தான். எண்ணாக மாறிய காட்சியை எத்தனை முறை பிரதி எடுத்தாலும் அது குன்றுவதில்லை.

கருவியினுள் நிகழ்வது

இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி முறைக்கு 'பால்' என்று பெயர். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்ட்டர் புரூக் என்பவர் உருவாக்கியது. (நாம் அருந்தும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை!) இதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு வினாடிக்கு 25 படங்கள். ஆக வினாடிக்கு 15,625 கோடுகள் கம்பி வழியே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

மாற்றுக் கருவி ஒவ்வொரு கோட்டையும் அளந்து பார்த்து எண்களாக எழுதுகிறது. 1982ஆம் ஆண்டில் பன்னாட்டு அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதிப்படி, ஒளியின் அளவு வினாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகிறது. நிறத்தை மட்டும் இதில் பாதித் தடவையே அளக்கிறார்கள். காரணம், நம் கண் ஒளியின் நுட்பத்தைக் காண்பது போல நிறத்தின் நுட்பத்தைக் காண்பதில்லை. இறுதியில் ஒரு படம் என்பது குறுக்கே 720, மேலிருந்து கீழாக 576 என்று அடுக்கிய புள்ளிகளாகிறது. புள்ளிக் கோலம் போடும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போமா? 720ஐ 576ஆல் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள் எனில் ஒரு கோடியே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட் வீதம் ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் இடம் தேவைப்படும்! இதனால்தான் காட்சியைச் சுருக்கும் முறைகள் வந்தன. 1995இல் வந்த டிஜிட்டல் வீடியோ வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட் போதும். இன்று பரவலாக வழங்கும் எச்.264 முறையில் இரண்டு முதல் நான்கு ஜிகாபைட்டுக்குள் நல்ல படம் கிடைக்கிறது.

தேவையான பொருள்கள்

1. நன்றாக ஓடும் வி.எச்.எஸ். இயந்திரம் ஒன்று.
2. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளுள்ள கம்பி. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு.
3. மாற்றுக் கருவி. கணிப்பொறியின் யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. முன்பு ஃபயர்வயர் என்னும் கம்பியால் இணைக்கும் உயர்ந்த கருவிகளும் இருந்தன. ஆனால் இன்று விற்கும் கணிப்பொறிகளில் அந்தத் துளை இருப்பதில்லை.
4. போதிய இடமுள்ள கணிப்பொறியும், பதிவு செய்யும் மென்பொருளும். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

இவற்றுள் எதற்கு மிகுந்த கவனம் தர வேண்டும்? மாற்றுக் கருவிக்கு என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் நாடாவை ஓட்டும் இயந்திரமே முதன்மையானது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அழுக்கேறிய முனைகளுடன் இயந்திரம் மங்கலான படத்தைத் தந்தால், மாற்றுக் கருவி அந்த மங்கலைத்தான் பிழையின்றி எண்ணாக எழுதிவைக்கும். ஆகவே முதலில் இயந்திரத்தை அறிந்தவரிடம் கொடுத்துத் துடைத்துச் சரிபார்ப்பதே சிறந்த செலவு.

செய்யும் முறை

முதலில் கேசட்டைக் கையில் எடுத்து, அதன் கண்ணாடிச் சாளரத்தின் வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளைப் படலமோ, தூளோ தெரிந்தால் அதனை இயந்திரத்தினுள் இடவே கூடாது. பூஞ்சை முனைகளில் ஒட்டிக்கொண்டு, அடுத்து இடும் நல்ல நாடாக்களுக்கும் பரவும். அத்தகைய நாடாவையும், அறுந்த நாடாவையும் இதில் பழகியவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

அடுத்து, கேசட்டின் முதுகு ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டைப் பாருங்கள். அது உடையாமல் இருந்தால் அந்த நாடாவின் மேல் மீண்டும் பதிவு செய்ய முடியும் என்று பொருள். ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினால் திருமணம் அழிந்துபோகும்! அத்தகட்டை உடைத்து எடுத்துவிட்டால் அந்த அச்சம் இல்லை.

பல்லாண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை உடனே ஓட்டாமல், ஒரு முறை முழுதும் முன்னோக்கிச் சுற்றிப் பின் திரும்பச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் இதனால் தளரும்.

பின்பு இயந்திரத்தின் 'அவுட்' என்று குறித்த துளைகளிலிருந்து மாற்றுக் கருவிக்குக் கம்பிகளை, நிறத்துக்கு நிறம் பார்த்து இணைக்க வேண்டும். மாற்றுக் கருவியைக் கணிப்பொறியில் செருகி, மென்பொருளில் 'பால்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ வாழும் உறவினர் அங்கே பதிவு செய்து அனுப்பிய கேசட் என்றால் அது என்.டி.எஸ்.சி. முறையில், 525 கோடுகளுடன் இருக்கும். அதற்கு இரு முறைகளையும் ஓட்டவல்ல இயந்திரம் வேண்டும். முறை மாறினால் படம் உருளும், அல்லது நிறமின்றித் தெரியும்.

இப்போது ஐந்து நிமிடம் மட்டும் பதிவு செய்து பாருங்கள். படம் வருகிறதா? இரு பக்கமும் ஒலி வருகிறதா? ஒலி கரகரக்கிறதா? வாய் அசைவும் பேச்சும் ஒத்துப் போகின்றனவா? எல்லாம் சரியாக இருந்தால் நாடாவைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து முழுப் பதிவைத் தொடங்கலாம். மற்ற வேலைகளைக் கணிப்பொறியில் செய்யாதிருப்பது நலம். அது நடுவில் தானாக உறங்கிவிடாதபடியும் அமைத்துவிட வேண்டும். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை.

சில இடர்ப்பாடுகள்

படத்தின் அடியில் ஒரு மெல்லிய கலங்கல் கோடு தெரியலாம். அது பழுதன்று. ஒரு முனை படித்து முடித்து மறு முனை தொடங்கும் இடம் அது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓரங்களை மறைத்துக் காட்டியதால் நாம் அதைக் கண்டதில்லை.

போகப் போக ஒலி முந்தியோ பிந்தியோ போவது உண்டு. பழைய நாடா நீண்டும் சுருங்கியும் ஓடுவதால் கோடுகள் சீரான நேரத்தில் வருவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி இதைப் பொறுத்துக்கொண்டது. மாற்றுக் கருவியோ கண்டிப்பான ஆசிரியையைப் போல, தாமதமாக வந்த படத்தை வெளியே நிறுத்திவிடுகிறது! கோடுகளை மீண்டும் சீராக்கி அனுப்பும் வசதி சில உயர்தர இயந்திரங்களில் உண்டு. அது இல்லையெனில் நாடாவைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்வது ஓரளவு உதவும்.

ஓடும் உருவங்களின் ஓரத்தில் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தெரியலாம். பழைய முறையில் ஒரு படம், ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு பாதிகளாக அனுப்பப்பட்டது. கணிப்பொறித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் வரும் விளைவு அது. மென்பொருளில் இதனைச் சீர்செய்யும் வசதி உண்டு.

ஒன்றை மறக்கலாகாது. கடையில் வாங்கிய திரைப்படக் கேசட்டுகளுக்கு உரிமையாளர் உண்டு. பிரதி எடுப்பதைத் தடுக்கும் குறியும் பலவற்றில் பதிந்திருக்கும். நாம் காக்க வேண்டியது, வேறெங்கும் பிரதி இல்லாத நம் வீட்டு நாடாக்களையே.

பதிந்த பின்

பதிந்து முடித்த கோப்பை வெட்டாமல், குறைக்காமல் மூலப் பிரதியாக வைத்துக்கொள்ள வேண்டும். உறவினர்க்கு அனுப்புவதற்குச் சிறிய பிரதி ஒன்றைத் தனியே செய்துகொள்ளலாம். கோப்புக்கு 'வீடியோ 1' என்று பெயரிடாமல், ஆண்டு, நிகழ்ச்சி, ஊர் விளங்கும்படி பெயரிடுவது நல்லது.

மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் – இதுவே ஆவணங்களைக் காப்போர் சொல்லும் எளிய விதி. கணிப்பொறியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒன்று என்று வைக்கலாம். பென் டிரைவை மட்டும் நம்புவது நன்றன்று. பழைய முறையில் அமைத்த பென் டிரைவ்கள் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்பதும் இல்லை.

நாடாவையும் எறிந்துவிடக் கூடாது. முழுதும் சுற்றி, பெட்டியிலிட்டு, புத்தகம்போல் நிறுத்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு அருகில் வைக்கலாகாது. அதிலுள்ள காந்தம் பதிவைக் கெடுக்கும்.

கருவி செய்ய முடியாத வேலை

இத்தனையும் செய்தபின் நம்மிடம் படம் இருக்கும், குரலும் இருக்கும். ஆனால் மணமேடையின் ஓரத்தில் நிற்கும் அந்தப் பெரியவர் யார்? பாட்டியின் தோளைத் தொட்டுப் பேசும் அந்தப் பெண்மணி எந்த ஊர்? கோடிக்கணக்கான புள்ளிகளை எண்ணி எழுதும் கருவியால் ஒரு முகத்தின் பெயரைச் சொல்ல இயலாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டு மூத்தவர்கள். நாடா தேய்வதைப் போலவே அவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

பதிவு நடக்கும் அந்த மூன்று மணி நேரமும் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அம்மாச்சியையோ, அப்பாயியையோ, பெரியப்பாவையோ அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒருவர் வரும்போது, "இவர் யார்?" என்று கேட்டு, நேரத்தையும் பெயரையும் உறவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெயரைக் கேட்கப் போய் ஒரு கதையே வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டுப் புத்தகமும் பதிவின் ஒரு பகுதியே.

ஆகவே தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு நாள் பரணில் ஏறுங்கள். கேசட்டுகளை எடுத்துத் தூசி தட்டி வரிசைப்படுத்துங்கள். எது மிகப் பழையதோ, எதில் இன்று நம்மோடு இல்லாதவர் பேசுகிறாரோ, அதை முதலில் எடுத்து வையுங்கள்.